நாற்பத்திரண்டு புள்ளி எட்டு

உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. நம் நாட்டு விஸ்கியோ, பிராந்தியோ, ரம்மோ... ஏதாவது ஒரு பாட்டிலின் லேபிளைப் படித்திருக்கிறீர்களா? ('எங்க வீட்ல அதெல்லாம் கிடையாது சார்!' என்பவர்களுக்கு என் வணக்கங்கள். நீங்கள் சும்மா சரித்திரம் மட்டும் படியுங்கள்!) பெரும்பாலான பாட்டில்களில், ஆல்கஹால் அளவு 42.8 சதவிகிதம் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அதென்ன கணக்கு 42.8? முழுசாக நாற்பது என்றோ நாற்பத்தைந்து என்றோ வைத்துத் தொலைத்தால் என்ன?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் வேப்பம்பட்டில் இருக்கும் ஓர் அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் முப்பது வருடம் குப்பியும் குழாயுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். பால்காரரே அவர் வீட்டு வாசலில் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் நிற்பார்!

சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் டூட்டி ஃப்ரீயில் அவருக்கு ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தான். அம்ருத் சிங்கிள் மால்ட், 'காஸ்க் ஸ்ட்ரெங்த்'. லேபிளில் 61.8 சதவிகிதம். "பாத்தியா தம்பி... பெங்களூர்ல செஞ்சது கடல் தாண்டி சிங்கப்பூர் போயி, திரும்பவும் வேப்பம்பட்டுக்கு வந்திருக்கு! பெங்களூர் ரயிலு தினமும் நம்ம ஸ்டேஷன் வழியாத்தானே போவுது, நேரா எறங்கியிருக்கலாம்ல?" என்று சிரித்தவர், அடுத்த நொடியே சீரியஸானார். "அது கிடக்கட்டும்... அங்க ஏன் 42.8, இங்க ஏன் 61.8?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், வெடிமருந்து, கப்பல், ராஜாஜி, கள்ளக்குறிச்சி என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. வாருங்கள்!

மதுவை ருசி பார்த்துத் தரம் சொல்வது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த கலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தப்பு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நம் சங்கப் புலவர்கள் அதில் கெட்டிக்காரர்கள். வண்டல் நீக்கித் தெளியவைத்த கள்ளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தேறல்'. மலைநாட்டில் அதை மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவிட்டிருக்கிறார்கள். மண்ணுக்கடியில் புதைத்தும் வைத்திருக்கிறார்கள். ஓக் மரப் பீப்பாய்க்குப் பதில் மூங்கில்... அவ்வளவுதான் வித்தியாசம்! நாள்பட்ட தேறலின் சுறுசுறுப்பைச் சொல்லவந்த ஔவையார், தேள் கொட்டியதைப் போல என்கிறார். சிறுபாணாற்றுப்படைப் புலவருக்கோ அது சீறும் பாம்பு. இன்றைக்கு விஸ்கி விமரிசகர்கள் 'பின்வாயில் மிளகுக் காரம்' என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே... தேளுக்கும் பாம்புக்கும் முன்னால் அதெல்லாம் எந்த மூலைக்கு?

வெளிநாட்டுச் சரக்கும் அப்போதே வந்தாகிவிட்டது. யவனர்கள் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்தியதைப் புறநானூறு சொல்கிறது. 'கவிஞர் கற்பனை' என்று தள்ளிவிட முடியாதபடி 1945-ல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாட்டு ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. மது நிரப்பி வந்த ஜாடிகள்!

ஆனால் கள்ளும் ஒயினும் வெறுமனே புளித்து உண்டாகிறவை. காய்ச்சி வடித்தெடுக்கும் சரக்கின் கதை வேறு. சூடான பானையின் மேல்மூடியில் ஆவி குளிர்ந்து துளித்துளியாக வேர்க்கும். அராபிய மொழியில் 'அரக்' என்றால் வியர்வை. அதுதான் 'அரக்' ஆகி, உலகம் முழுவதும் சாராயத்தின் பெயரானது. ஸ்காட்லாந்தில் 1494-ம் வருட அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில், ஜான் கோர் என்ற துறவிக்கு 'உயிர்நீர்' காய்ச்சுவதற்காக எட்டு மூட்டை மால்ட் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. ஸ்காட்ச் விஸ்கியின் ஜாதகம் தொடங்குவது அங்கேதான். மால்ட் என்பது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. முளைகட்டிக் காயவைத்த பார்லி. கேழ்வரகை முளைகட்டிப் பிள்ளைகளுக்கு மாவு அரைக்கிறோமே, அதே வேலை!

சரக்கு வந்ததும் கூடவே ஒரு சந்தேகமும் வந்துவிட்டது... விற்கிறவன் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறான்?

மாலுமிகளுக்கும் சிப்பாய்களுக்கும் அன்றைக்கு தினப்படி மது உண்டு. கப்பல் கணக்கர் கொஞ்சம் ரம்மை ஒதுக்கிக்கொண்டு அந்த அளவுக்குத் தண்ணீரைக் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி இருந்ததாகச் சொல்வார்கள். துளி வெடிமருந்தை எடுத்து, அதன்மேல் சரக்கை ஊற்றித் தீ வைப்பது. மருந்து பற்றிக்கொண்டால் சரக்கு அசல். நமுத்துப்போய்ப் புகைந்தால் தண்ணீர்! பற்றிக்கொண்ட சரக்குக்கு 'ப்ரூஃப்', அதாவது நிரூபணமானது என்று பெயர்.

கேட்க ஜோராக இருக்கிறதே தவிர, இந்தச் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை. சரக்கைக் கொஞ்சமாக ஊற்றினால் பற்றும். தாராளமாக ஊற்றினால், ஆல்கஹால் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் தண்ணீரிலேயே மருந்து நனைந்துவிடும். சோதனை செய்கிறவர் கைவண்ணத்தைப் பொறுத்து ரிசல்ட் மாறும்! அரசாங்கத்துக்கோ இதில்தான் கொழுத்த வரி வருமானம். வரிக்கணக்கை வெடிமருந்தை நம்பி எழுத முடியுமா?

பார்த்தலோமியூ சைக்ஸ் என்ற கலால் அதிகாரி இங்கே நுழைகிறார். அவர் செய்த கருவி ஹைட்ராமீட்டர். பித்தளைக் குண்டு ஒன்று, அதன் தலைமேல் கோடு போட்ட காம்பு, கீழே மாட்டுவதற்குச் சின்னச் சின்ன எடைகள். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. அதனால் சரக்கு எவ்வளவு ஸ்ட்ராங்கோ அவ்வளவு ஆழமாகக் குண்டு அமுங்கும். தண்ணீர் கலந்திருந்தால் மேலே எழும்பி மிதக்கும். பால்மானி தெரியுமல்லவா? அதற்கு அண்ணன் முறை. பாவம், சைக்ஸ் 1803-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 1816-ல்தான் பிரிட்டிஷ் பார்லிமென்ட் அவர் கருவியைச் சட்டமாக்கியது. 51 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதே கன அளவுள்ள தண்ணீரின் எடையில் பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கு எடை இருந்தால் அந்தச் சரக்கு '100 ப்ரூஃப்'. இன்றைய கணக்கில் அது 57.1 சதவிகித ஆல்கஹால்.

கால்குலேட்டரைக் கையில் எடுங்கள். ப்ரூஃபுக்குக் கால் பங்கு குறைவு, அதாவது 75 டிகிரி என்று வையுங்கள். 57.1-ல் முக்கால் எவ்வளவு? 42.8!

புரிகிறதா? பழைய இந்திய லேபிள்களில் '75 டிகிரி ப்ரூஃப், 25 யு.பி.' என்று போட்டிருக்கும். யு.பி. என்றால் உத்தரப்பிரதேசம் இல்லை... 'அண்டர் ப்ரூஃப்'! 1980-ல் பிரிட்டன் இந்தக் கணக்கைத் தலைமுழுகிவிட்டு சதவிகிதத்துக்கு மாறிவிட்டது. நாம்? வெடிமருந்துக் கதையிலிருந்து பிறந்த அந்த எண்ணைப் பத்திரமாக லேபிளில் வைத்திருக்கிறோம். நம் கலால் வரிக் கணக்குகளில் 'ப்ரூஃப் லிட்டர்' என்ற சொல்லும் சாகவில்லை.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப இந்த 61.8?" என்றார். ப்ரூஃபில் கணக்குப் போட்டால் 108. நிரூபணத்தையே தாண்டி எட்டு டிகிரி!

காஸ்க் ஸ்ட்ரெங்த் என்பதன் அர்த்தம் இதுதான். பீப்பாயில் இருந்தபடியே, தண்ணீர் சேர்த்துக் குறைக்காமல் பாட்டிலில் அடைத்தது. சாதாரணமாக 40, 43 சதவிகிதம் வரை தண்ணீர் விட்டு இறக்கித்தான் விற்பார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் காஸ்க் ஸ்ட்ரெங்த்தில் எவ்வளவு தண்ணீர் என்பதைக் குடிக்கிறவரே தீர்மானிக்கலாம். 1968-ல் ஸ்காட்லாந்தின் கிளென்ஃபார்க்லஸ் ஆலைக்காரர்கள் இப்படி ஒரு பீப்பாய்ச் சரக்கை அப்படியே அடைத்து, '105' என்று பெயர் வைத்தார்கள். 105 ப்ரூஃப், அதாவது 60 சதவிகிதம். இந்த வகைக்கு அது ஒரு முன்னோடி.

சரி, பெங்களூர்க்காரர்கள் இதற்குள் எப்படி வந்தார்கள்? அது தனிக்கதை.

இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி, கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து, அதாவது மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டில் செய்தது. ஐரோப்பாவில் அதை 'விஸ்கி' என்ற பெயரில் விற்கவே முடியாது. தானியத்தில் செய்தால்தான் விஸ்கி என்பது அவர்கள் சட்டம். நம் சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1826-ல் ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மதராஸில் தொடங்கிய இறக்குமதிக் கடைதான், பிற்பாடு விட்டல் மல்லையாவின் கைக்கு வந்து, நாடெங்கும் பாட்டில் பாட்டிலாகப் பெருகியது.

பெங்களூரில் ராதாகிருஷ்ண ஜக்தாலே 1948-ல் தொடங்கிய அம்ருத் நிறுவனமும் வழக்கமான ரம், பிராந்தி பிசினஸில்தான் இருந்தது. அவர் மகன் நீலகண்ட ராவ் ஜக்தாலேவுக்கு மட்டும் பார்லி மேல் ஒரு கண். எண்பதுகளில் மால்ட் ஸ்பிரிட்டைக் காய்ச்சி, மற்ற விஸ்கிகளில் கலப்பதற்காகப் பீப்பாயில் போட்டுவைத்தார். அப்போதுதான் பெங்களூர் வெயில் தன் வேலையைக் காட்டியது. ஸ்காட்லாந்தில் ஒரு பீப்பாயிலிருந்து வருடத்துக்கு இரண்டு சதவிகிதம் போல ஆவியாகிப் போகும். அதைத் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். பெங்களூரிலோ பத்து, பன்னிரண்டு சதவிகிதம்! நம்ம ஊர் தேவதைகளுக்கு தாகம் ஜாஸ்தி. ஆனால் ஒரு லாபமும் உண்டு. சூட்டில் சரக்கு மரத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வருவதால், அங்கே பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும் முதிர்ச்சி இங்கே நாலைந்து வருடத்திலேயே கைகூடிவிடுகிறது.

நீலகண்டரின் மகன் ரக்ஷித், இங்கிலாந்தின் நியூகாஸிலில் எம்.பி.ஏ. படிக்கப் போனார். 'அங்கே நம் மால்ட் விலைபோகுமா, பார்' என்று அப்பா ஒரு வேலை கொடுத்தார். பையன் செய்த காரியம் அருமையானது. கிளாஸ்கோவின் புகழ்பெற்ற மதுக்கூடமான 'பாட் ஸ்டில்'லில், பெயர் சொல்லாமல் ருசிபார்க்கக் கொடுக்கவைத்தார். குடித்துப் பார்த்தவர்கள், இது பத்துப் பன்னிரண்டு வருடம் போன ஸ்காட்ச் என்று சொன்னார்கள். இந்தியச் சரக்கு என்று ஒருவர் மனசிலும் படவில்லை!

2004 ஆகஸ்டில் அதே கிளாஸ்கோவில், ஓர் இந்திய உணவகத்தில் அம்ருத் சிங்கிள் மால்ட் அறிமுகமானது. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை! பெயர் தெரியாதபோது பாராட்டிய அதே நாக்குகள், 'இந்தியா' என்ற லேபிளைப் பார்த்ததும் தயங்கின. ஆரம்ப வருடங்களில் கையைக் கடித்தது. அசோக் சொக்கலிங்கம் என்ற இளைஞர் ஐரோப்பா முழுக்கப் பெட்டியும் பாட்டிலுமாகக் கடைகடையாக ஏறி இறங்கினார். (பிற்பாடு அவரே அம்ருத்தின் தலைமை வடிப்பாளரானார்.) கடைசியில், விஸ்கி உலகின் பஞ்சாங்கம் மாதிரியான ஜிம் முர்ரேயின் 'விஸ்கி பைபிள்' 2010-ம் வருடப் பதிப்பில், அம்ருத் ஃப்யூஷனுக்கு நூற்றுக்கு 97 மார்க்! உலகத்திலேயே மூன்றாவது இடம். அதற்குப் பிறகுதான் உள்ளூரிலேயே திரும்பிப் பார்த்தார்கள். நீலகண்ட ஜக்தாலே 2019 மே மாதம் காலமானார். இன்றைக்கு இந்தியாவில் ஏகப்பட்ட சிங்கிள் மால்ட்டுகள். வழி வெட்டியவர் அவர்.

மறுபடி வேப்பம்பட்டுக்கு வருவோம். அண்ணன் பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு குலுக்குக் குலுக்கினார். மேலே திரண்ட குமிழிகள் சட்டென்று உடையாமல் கொஞ்ச நேரம் நின்றன. "ஐம்பதுக்கு மேலன்னா நுரை நிக்கும், தம்பி. இது பழைய ஆளுங்க சோதனை" என்றார்.

இந்தச் சரக்கை எடை போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அடி அகன்று வாய் குறுகிய கிளாஸில் ஒரு விரற்கடைதான் ஊற்ற வேண்டும். மூக்கை உள்ளே நுழைக்கக் கூடாது. அறுபது சதவிகித ஆவி மூக்கைச் சுட்டுவிட்டால், அப்புறம் எந்த மணமும் தெரியாது. கிளாஸைத் தள்ளிவைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகர வேண்டும். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் எரிச்சல். நாக்கில் ஒரு சொட்டு வைத்தபோது, ஔவையாரின் தேள் எதிரே வந்து நின்றது!

பிறகு அண்ணன் ஸ்பூனால் கொஞ்சம் தண்ணீர் விட்டார். ஆச்சரியம்... கதவு திறந்த மாதிரி இருந்தது. ஆரஞ்சுத் தோல், வெல்லப்பாகு, வறுத்த தானியம், கடைசியில் சுக்கு. தண்ணீர் விட்டால் மணம் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடுகிறது? 2017-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைக் கம்ப்யூட்டரில் கணித்துப் பார்த்தார்கள். விஸ்கிக்குப் புகைவாசம் தரும் குவையகால் என்ற பொருளை, சுமார் 59 சதவிகிதத்துக்கு மேல் ஆல்கஹால் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு உள்ளேயே இழுத்துவைத்துவிடுகின்றன. 45 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால், அது மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. மேலே வந்தால்தானே மூக்குக்கு எட்டும்!

இன்னொன்று. 60 மில்லியில், 42.8 என்றால் சுமார் 26 மில்லி ஆல்கஹால். 61.8 என்றால் 37 மில்லி. 'நாம வழக்கமா ரெண்டு பெக்குதானே' என்று அதே அளவில் ஊற்றுகிறவர், தனக்கே தெரியாமல் மூன்று பெக் கிட்டே போய்விடுகிறார். இந்த எண்ணைப் படிக்காதவருக்கு இது ஆபத்தான பாட்டில்.

இந்த எண் என்ற சமாச்சாரத்தின் அருமை, அது இல்லாத காலத்தைப் பார்த்தால்தான் தெரியும். 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் மாகாணம் முழுக்க அமல். 1971-ல் கருணாநிதி தளர்த்தினார், 1974-ல் அவரே மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. மதுவிலக்கினால் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்தது என்பது நிஜம். கூடவே, லேபிள் இல்லாத சரக்கு ஒன்றும் கிளம்பியது என்பதும் நிஜம். ஃப்ரெஞ்ச் பாலிஷைக் குடித்துக் கண்ணைப் பறிகொடுத்தவர்களின் கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

சரி, கடைகள் திறந்தபின் அது போய்விட்டதா? 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபத்தைந்துக்கும் மேல். காரணம் மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் ஒன்று. உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாகி, முதலில் கண்ணையும் பிறகு உயிரையும் எடுக்கும்.

அண்ணன் மகன் அன்றைக்குக் கேட்டான்: "ஏன்ப்பா... அந்த ஹைட்ராமீட்டரைப் போட்டுப் பாத்தா தெரிஞ்சிடாதா?"

தெரியாது. அண்ணன் முகம் சட்டென்று இறுகிவிட்டது. "எத்தனாலோட அடர்த்தி 0.789. மெத்தனால் 0.792. குண்டுக்கு ரெண்டும் ஒண்ணுதாண்டா. எவ்வளவு விஷம் கலந்தாலும், அது அதே இடத்துலதான் மிதக்கும்."

யோசித்துப் பாருங்கள். சைக்ஸின் கருவி தோற்றுவிடுகிறது. கொளுத்திப் பார்க்கும் வித்தையும் தோற்றுவிடுகிறது, ஏனென்றால் மெத்தனாலும் நன்றாகவே எரியும். வெடிமருந்துகூடப் பற்றிக்கொள்ளும்! நாக்கும் மூக்கும்? 97 மார்க் போடுகிற விமரிசகரின் மூக்கைக்கூட இந்த விஷயத்தில் நம்ப முடியாது. சோதனைக்கூடத்தில், அதற்கென்று உள்ள கருவியில் ஏற்றினால்தான் தெரியும். கருணாபுரத்துக் கூலித் தொழிலாளி காலையில் பாக்கெட் வாங்கும்போது சோதனைக்கூடத்துக்கு எங்கே போவார்?

ஒரு பக்கம், ஒரு துளி தண்ணீரில் எந்த மணம் மேலே வரும் என்று கம்ப்யூட்டரில் ஆராய்ச்சி. இன்னொரு பக்கம், உள்ளே இருப்பது சாராயமா சாவா என்றே தெரியாமல் ஒரு மனிதர். இருவர் கையிலும் இருப்பது ஒரு மடக்குதான். முதலாமவருக்கு ஒரு லேபிள் இருக்கிறது. தப்பு நடந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு முகவரி இருக்கிறது. இரண்டாமவருக்கு அது இல்லை.

லேபிள் இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. அளவாகக் குடித்தால் ஆபத்தில்லை என்று எந்த அளவையும் சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் கைவிரித்துவிட்டது. 'குடி குடியைக் கெடுக்கும்' என்று நம் பாட்டிலிலேயே முன்பு எழுதியிருந்தார்கள். 42.8-ஐப் படிக்கிறவர்கள் அதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அண்ணன் அன்றைக்கு இரண்டாவது ரவுண்டு ஊற்றவில்லை. மூடியைத் திருகி, பாட்டிலை அலமாரியில், பழைய கண்ணாடி ஹைட்ராமீட்டர் ஒன்றை வைத்திருந்த டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். வெளியே பெங்களூரிலிருந்து வந்த ரயில் ஒன்று, வேப்பம்பட்டில் நிற்காமல் சென்ட்ரலைப் பார்க்கத் தடதடத்துப் போனது.

"எல்லாத்தையும் அளந்துடலாம்னு முப்பது வருஷம் நெனச்சிட்டிருந்தேன் தம்பி" என்றார், சத்தம் அடங்கியபின்.